பொறி

என் தம்பி நெவில் முழங்கைக்குக் கீழே
ஓர் இரும்புப் பொறியைப் பச்சை குத்திக்கொண்டான்.
பல்லிளிக்கும் இரண்டு தாடைகள், நடுவே ஒரு நரிவால்.
சண்டர்லாந்து துறைமுகத்தின் பின்தெருவில்
நூற்றிருபது பவுனும் ஒரு சனிக்கிழமையும் செலவு.

காரணம் ஒற்றைச் சொல்.
1841 கணக்கெடுப்பில்
கத்பர்ட் ஹெஸ்லப் என்ற பெயருக்கு நேரே
சாய்ந்த கையெழுத்தில்:
டிராப்பர்.

"நம்ம ரத்தத்துல காடு ஓடுது, பாத்தியா" என்றான்,
பேருந்துப் பணிமனையில் பிரேக் மாற்றுகிறவன்.
பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு
முயல்கூட இல்லாத ஒரு குன்றேறி
காற்றை மோப்பம் பிடித்துக் காட்டினான்.
வயதுக் கட்டத்தில் இருந்த எட்டை
எண்பது என்றான், சுழியம் தேய்ந்துவிட்டதாம்.
மை மங்கித்தான் இருந்தது.
நானும் தலையாட்டினேன், காசா பணமா.

டர்ஹாம் ஆவணக் காப்பகத்தில்
பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள்.
ஸ்கார்த்விக் சுரங்கத்தின் கூலிப் பேரேடு
ஒரு சின்னத் தலையணைமேல் நோயாளிபோல் கிடந்தது.
நான் தேடிப் போனது வேறு யாரையோ.

தெரிந்த முகத்தோடு வந்த சொற்கள்
கிட்டே வந்ததும் யாரோவாகிப் போயின.
வியூவர்: வேடிக்கை பார்த்தவர் இல்லை,
சுரங்கம் மொத்தத்தையும் மேய்த்த மேலாளர்.
புட்டர்: கோல்ஃப் மட்டை இல்லை,
கரித்தொட்டியைத் தலையால் முட்டித் தள்ளிய
பதினாறு பதினேழு வயசு.
கீக்கருக்கு மட்டும்
அங்கிருந்த பெண்ணே ஓர் இழுப்பறையைக் குடைய வேண்டியிருந்தது.
கரியில் கல்லைத் தேடி
கூலியில் கைவைக்கிறவனாம்.
ஆளைப் பார்க்காமலே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பக்கம்.
டிராப்பர், டிராப்பர், டிராப்பர்.
பதினோரு பெயர்கள், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்துப் பென்ஸ்.
ஏழாவது கத்பர்ட்.
ஒரே காட்டில், ஒரே கூலிக்கு,
பதினோரு வேட்டைக்காரர்களா?
மெழுகுவர்த்திக்குப் பிடித்தம் என்றொரு பத்தி.
வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதில் தொகை இருந்தது.
இந்தப் பதினோரு பேருக்கு மட்டும் வெற்றிடம்.
சலுகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதே இழுப்பறையில் இன்னொரு அட்டை:
டிராப், சுரங்கத்தினுள் காற்றுக் கதவு.
தொட்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறக்க,
போனதும் மூட, ஒரு சிறுவன்.
திறந்தே கிடந்தால் வாயு தேங்கும்.
பிறகு ஒரு பொறி போதும்.

வெளிச்சத்துக்குப் பிடித்தம் இல்லை.
வெளிச்சம் கொடுத்தால்தானே பிடிக்க.

பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மறந்து
பேருந்தில் ஏறியிருந்தேன்.

பணிமனையில் நெவில்
வண்டிக்கு அடியில், குழிக்குள் நின்றிருந்தான்.
மேலிருந்தபடியே சொன்னேன்.
ஸ்பானர் சத்தம் நின்றது.
"எண்பது இல்லையா?"
"எட்டு."
"தொட்டி வராதப்ப என்ன செய்வான்?"
"உக்காந்திருப்பான்."
"எவ்வளவு நேரம்?"
விடியுமுன் மூன்று மணிக்கு இறங்குவார்களாம்
என்பதை மட்டும் சொன்னேன்.
ஏறும் நேரம் எனக்கும் தெரியாது.
கீழே அவன் தன் விளக்கை
ஒருமுறை அணைத்துப் பார்த்தான்.
உடனே போட்டுவிட்டான்.

ஜூலை முழுக்க முழுக்கைச் சட்டை.
அழிக்க முடியாது, மூடத்தான் முடியும்
என்றானாம் பச்சை குத்துகிறவன்.
இப்போது அந்த இடத்தில்
சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புச் சதுரம்.
போன வாரம்கூடக் குழந்தைகளின் நீச்சல்குளத்தில்
யாரோ அது என்னவென்று கேட்டார்கள்.
"வேலை" என்றுவிட்டுத் தண்ணீருக்குள் போனான்.

கறுப்பு சரியாக ஏறவில்லை.
வெயில் சாய்வாக விழும்போது
தாடைகளின் பற்கள் தெரிகின்றன,
நரியின் வாலும்.